வெட்டாமல் விட்ட தையல்

எனக்கு இருந்தது ஒரு கண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்த மனிதன் ஏன் ஒரு நூல் இழைக்காக இவ்வளவு புலம்புகிறான் என்று நினைப்பீர்கள். இடது கண் பதினாறு வயதில் போனது. தூண்டில் போட்டு இழுத்தபோது அடியில் கல்லில் மாட்டிய தங்கூசி அறுந்து, அதில் கட்டியிருந்த ஈயக்கட்டி வந்து கண்ணில் அடித்தது. தங்கூசி என்றால் நைலோன் நரம்பு. எங்கள் பேசாலைக் கரையில் தூண்டில் கயிறும் அதுதான், பாதி வலைகளும் அதுதான். அன்று முதல் வலது கண்ணை வைத்துத்தான் கடலுக்குப் போனேன், கலியாணம் கட்டினேன், பிள்ளைகளை வளர்த்தேன். ஒற்றைக்கண்ணன் என்று யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. என் வாய்க்கு அவ்வளவு பயந்தார்கள்.

இதை நான் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என் மகள் ஜெனி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் மரியாதை இல்லையாம். அவளே திருத்தி எழுத்துத் தமிழாக்கிக்கொள்கிறாள். ஏச்சுப் பேச்சுகளை எல்லாம் விட்டுவிடுகிறாள் என்று நினைக்கிறேன். சரிபார்க்க எனக்கு வழியில்லை.

வலது கண்ணில் வெண்புரை விழுந்தது சண்டைக் காலத்தின் கடைசியில். கண்ணுக்குள் இருக்கும் வில்லை பால் கலந்த தண்ணீர்போல வெளுத்துப்போவதுதான் வெண்புரை. வலிக்காது, சிவக்காது. ஒருநாள் கரையில் நின்று பார்த்தேன், படகு வருவது தெரிந்தது, யாருடைய படகு என்று தெரியவில்லை. அடுத்த வருடம் படகே தெரியவில்லை. அப்போது பாதையும் இல்லை, ஊரைவிட்டுப் போக அனுமதிப் பாஸும் இல்லை, கண் வைத்தியர் இருக்கும் ஊருக்குப் போகவும் முடியாது. பிறகு சமாதானம் என்றார்கள், பாதை திறந்தது. முதல் வேலையாக என் மனைவி திரேசா என்னை பஸ்ஸில் ஏற்றி, உள்நாட்டிலுள்ள பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஒப்பரேஷன் நல்லபடி நடந்தது. யாரையும் குறை சொல்ல இல்லை. கருவிழியின் மேல் விளிம்பில் வெட்டி, கெட்டுப்போன வில்லையை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக்கில் செய்த வில்லை ஒன்றை உள்ளே வைத்து, வெட்டிய வாயைத் தைத்தார்கள். ஆறு தையல். பக்கத்துக் கட்டிலில் நறுவிலிக்குளத்தில் வயல் செய்யும் கமக்காரர் சந்தியாப்பிள்ளை. அவருக்கும் அன்றுதான் ஒப்பரேஷன், அவருக்கும் ஆறு தையல். மறுநாள் காலையில் கட்டு அவிழ்த்ததும் நான் முதலில் பார்த்தது அவருடைய காதில் மண்டிக்கிடந்த மயிரை. அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தோம். இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு விடும்போது அட்டையில் ஒரு திகதி எழுதித் தந்தார்கள். எட்டாவது கிழமை, அதாவது இரண்டு மாதம் ஆகும்போது, வந்து தையலை வெட்டிக்கொள்ளவேண்டும். இறுக்கிக் கட்டிய தையல் கண்ணைச் சற்றுக் கோணலாக இழுத்து வைத்திருக்குமாம், வெட்டி எடுத்தால் பார்வை இன்னும் தெளியுமாம். என்ன நூலால் தைத்தீர்கள் என்று தாதியைக் கேட்டேன். நைலோன், தலைமயிரைவிட மெல்லியது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏன் சிரித்தேன் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் நான் கெட்டது அந்த இடத்தில்தான். என் தகப்பனார் காலத்தில் பருத்தி நூல் வலை. கடலால் வந்தவுடன் அலசி, காயவைத்து, சாயம் ஏற்றிப் பார்க்காவிட்டால் ஒரு மாதத்தில் உக்கிப்போகும். நைலோன் வந்தபிறகு அந்தத் தொல்லை விட்டது. தண்ணீரில் நைலோன் உக்காது, இது எங்கள் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பருத்தியால் தைத்திருந்தால் நாளுக்கு ஓடிப்போய் வெட்டத்தான் வேண்டும். நைலோன் கிடந்தால் கிடக்கட்டும், அதற்கு என்ன அவசரம்? இப்படித்தான் என் மண்டையில் கணக்கு ஓடியது. வைத்தியம் படித்தவர்களுக்கு நூலைப் பற்றி என்ன தெரியும் என்றும் நினைத்தேன். ஜெனி, இதையும் எழுது.

எட்டாவது கிழமை வந்தபோது கடலும் திறந்திருந்தது. பல வருடமாக இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக்கூடாது, இத்தனை மணிக்குப் பிறகு போகக்கூடாது என்று கட்டிவைத்திருந்த கடல். கும்பளா மீன் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தது. ஊரில் ஒரு ஆண்பிள்ளை கரையில் நிற்கவில்லை. புதுக்கண் கிடைத்த நான் மட்டும் பஸ்ஸில் போய் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருப்பதா? சேர்ந்து போவோம் என்று பேசியிருந்த சந்தியாப்பிள்ளை முருங்கன் சந்தியில் எனக்காக நின்று இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாராம். பிறகு தனியாகப் போய்த் தையலை வெட்டிக்கொண்டு வந்தார்.

அந்த ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவில் அவரைக் கண்டேன். மர நிழலில் இருந்து செபப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். பொடி எழுத்து. எனக்கு அந்த எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"உங்கடையை வெட்டிப்போட்டாங்கள். என்ரை தையல் இன்னும் உறுதியாக் கிடக்கு. நைலோன் உக்காது, அண்ணை" என்றேன்.

அவர் மறுபடி செபப் புத்தகத்துக்குத் திரும்பினார். திரேசாதான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வரும் வழியில் தையலை ஞாபகப்படுத்துவாள். வாடைக் காற்று முடியட்டும் என்பேன். வாடை முடிந்தால் சோளகக் காற்று முடியட்டும் என்பேன். ஒரு வருடம் சொல்லிப் பார்த்துவிட்டு அவளும் விட்டுவிட்டாள்.

மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் சமாதானம் குலைந்தது. கடலுக்குப் பழையபடி நேரமும் எல்லையும் வந்தன. பாதை ஒருநாள் திறக்கும், நான்கு நாள் பூட்டும். அப்படிப்பட்ட ஒரு சோளகக் காலத்தில், காற்று மண்ணை வாரி எறிந்துகொண்டிருந்த ஒரு காலையில், கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தியது. மண்தான் என்று நினைத்துக் கசக்கினேன். தண்ணீர் அடித்துக் கழுவினேன். போகவில்லை. இமையைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் குத்தியது. அறுந்த தங்கூசி நுனி விரலில் குத்துவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

திரேசாவின் தம்பி யோசேப்பு என்னோடு இருபது வருடம் படகில் வந்தவன். கெளுத்தி முள் ஏறினால், தூண்டில் கொளுவினால், ஊரில் எல்லோரும் அவனிடம்தான் கையை நீட்டுவார்கள். அவனைக் கூப்பிட்டு வாசலில் வெளிச்சத்தில் இருந்து, இமையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். ஒரு இழை அறுந்து நுனி வெளியே நிற்கிறது, பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கிறது என்றான். முள் பிடுங்கும் சாமணம் எடுத்து அதைப் பிடுங்கிவிடு என்றேன். அவன் சாமணத்தைச் சுடுதண்ணீரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். கிட்ட வந்த கை அந்தரத்தில் நின்றது.

"ஏலாது அத்தான். உங்களுக்கு இருக்கிறது இந்த ஒண்டு."

அவனைக் கண்டபடி ஏசினேன். அவன் ஏச்சைக் கேட்டுக்கொண்டே சைக்கிளில் என்னை ஏற்றி பஸ் தரிப்பிடத்துக்குக் கொண்டுபோனான்.

மன்னார் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், எங்கள் பிள்ளைகள் வயதுதான் இருக்கும், இரண்டு தடவை விளக்கடித்துப் பார்த்தார். இங்கே கண் நிபுணர் இல்லை, இன்றைக்கே போகவேண்டும் என்று கடிதம் எழுதித் தந்தார். எங்கள் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்துக்கு அப்பால் பாதை பூட்டு. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவர் எழுதினார், தெரிந்துகொண்டே நான் வாங்கினேன்.

நான்கு நாள் அந்த ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தேன். மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து. உறுத்தல் வலியாகியது, வலி கண்ணிலிருந்து தலைக்குள் ஏறியது. வெளிச்சம் பட்டால் ஊசி ஏற்றுவதுபோல் இருந்தது. முதல் நாள் சுவரில் சிலுவையோடு தொங்கிய பாடுபட்ட சுரூபம் தெரிந்தது. இரண்டாம் நாள் சிலுவை மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் சுவர் எது யன்னல் எது என்றுதான் தெரிந்தது. நாள் நாளாக என் கண் போய்க்கொண்டிருக்கிறது, நான் கட்டிலில் கிடந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று வருடமும் பாதை திறந்து கிடந்ததே என்று நினைக்க நினைக்க எனக்கு என்னையே அடிக்கவேண்டும்போல இருந்தது. திரேசா கட்டிலருகே இருந்து செபமாலை சொன்னாள். ஒரு சொல் அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. காட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

நான்காம் நாள் அம்புலன்ஸை விட்டார்கள். வழியில் ஒரு சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்க்கவேண்டும் என்று ஆமிக்காரன் கைச்சாடை காட்டுவதாக யோசேப்பு சொன்னான். அவிழ்த்தார்கள். வெயில் நேராகக் கண்ணில் விழ நான் கத்திவிட்டேன். கிட்ட வந்து பார்த்தவன், சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொல்லி, தன் தொப்பியைக் கழற்றி என் முகத்துக்கு நிழல் பிடித்தான். கட்டு மறுபடி போட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டு நின்றான் என்று யோசேப்பு பிறகு சொன்னான்.

பெரியாஸ்பத்திரியில் நாடிக்கட்டையை ஒரு தட்டிலும் நெற்றியை ஒரு பட்டியிலும் அழுத்தி வைத்து, பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்தார்கள். கண் டொக்டர் ஒரு பெண், சிங்களவர். அவர் சொல்வதை நூர் மிஸ் என்று எல்லோரும் கூப்பிடும் தாதி எனக்குத் தமிழில் சொன்னாள். அறுந்த இழை வழியே கிருமி ஏறி, கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற தோலில் புண் வந்திருக்கிறது. மரத்துப்போகச் சொட்டு விட்டு, அந்தப் புண்ணைச் சுரண்டி எடுத்து, எந்தக் கிருமி என்று பார்க்க அனுப்பினார்கள். வலிக்கவில்லை. ஆனால் கண்ணை ஒருவர் சுரண்டுகிறார் என்று தெரிந்துகொண்டு அசையாமல் இருப்பது என்னவென்று இருந்தவனுக்குத்தான் தெரியும். கிடந்த பழைய இழைகளையும் அன்றே எடுத்துவிட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு எடுக்கவேண்டியதை எடுக்கச் சில நிமிடம்தான் பிடித்தது.

ஏன் வெட்ட வரவில்லை என்று டொக்டர் கேட்டார். நான் என் நைலோன் கதையைச் சொன்னேன். நூர் மிஸ் அதை உடனே டொக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை. முதலில் தான் யார் என்று எனக்குச் சொன்னாள். முசலிக் கரையில் பிறந்தவள், சின்னப் பிள்ளையில் ஊரைவிட்டு வெளியேறிப் புத்தளத்தில் வளர்ந்தவள்.

"என்ட வாப்பாவும் வலைக்காரர்தான் ஐயா. உங்கட வலையை வெயில்ல போட்டு வைப்பீங்களா?" என்று கேட்டாள்.

வலையைத் தென்னங்கிடுகு போட்டு மூடித்தான் வைப்பேன். வெயில் பட்டால் நைலோன் முறுகி, தொட்டால் பொடிபோல உதிரும். நாற்பது வருடமாக அதற்காக எத்தனை பேரை ஏசியிருக்கிறேன்.

"கண்ணும் பகல் முழுக்க வெளிச்சத்துலதானே ஐயா இருக்குது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு டொக்டருக்கு என்ன மொழிபெயர்த்தாள் என்று எனக்குத் தெரியாது.

பத்தொன்பது நாள் அங்கே இருந்தேன். ஆண்கள் வாட்டில் திரேசா தங்க முடியாது, பார்வையாளர் நேரத்துக்கு மட்டும் வருவாள், மற்ற நேரம் கோயில் மடத்தில் இருப்பாள். என்னோடு யோசேப்பு நின்றான். சுற்றிவரச் சிங்களப் பேச்சு, கண்ணும் இல்லை, பாஷையும் இல்லை. யாராவது செருப்பு இழுத்துக்கொண்டு வந்தால் எனக்கு ஊசி போடவா, பக்கத்துக் கட்டிலுக்குச் சாப்பாடு கொடுக்கவா என்று தெரியாமல் மார்பு அடித்துக்கொள்ளும். மலசலகூடத்துக்கு யோசேப்பு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவான். படகின் முன்பக்க அணியத்தில் நின்று நான் போட்ட கூச்சலுக்கெல்லாம் பதில் சொல்ல அவனுக்கு இதுதான் நல்ல சந்தர்ப்பம். அவன் சொல்லவில்லை. சோற்றில் மீனைப் பிசைந்து, முள் ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து, உருண்டை பிடித்து என் கையில் வைப்பான். முள் எடுத்த மீனைத் தின்றபோதுதான் நான் அழுதேன். கண்ணுக்குக் கூடாது, அழவேண்டாம் அத்தான் என்றான்.

கிருமி அடங்கியது. ஆனால் புண் தின்ற இடத்தில் பழைய வெட்டு மெலிந்து, உள்ளிருந்த நீர் கசியத் தொடங்கியது. மறுபடி தைக்கவேண்டும் என்றார்கள். மூன்று தையல், அதே நைலோன். தைத்து முடித்த மறுநாள் டொக்டர் கையை என் முகத்துக்கு முன்னே ஆட்டினார். நிழல் ஆடுவது தெரிந்தது. தழும்பு வெளுத்தால் இன்னும் கொஞ்சம் தெரியலாம், எவ்வளவு என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். இப்போது எனக்கு ஆள் தெரியும், முகம் தெரியாது.

வீட்டுக்கு விடும் நாளில் நூர் மிஸ் என்னையும் திரேசாவையும் சேர்த்து இருத்தி வைத்துச் சொன்னாள். இந்தத் தையல் போட்டிருப்பது புண்பட்ட தோலில், அது அதிக நாள் பிடிக்காது. ஐந்து கிழமையில் வந்து எடுக்கவேண்டும். அதற்கு முன்பே ஒரு இழை தளர்ந்தாலும், நுனி எழும்பினாலும், வெள்ளையாக எதுவும் கண்டாலும் அன்றைக்கே வரவேண்டும். தளர்ந்த இழையை ஒட்டிக் கிருமி மறுபடி உள்ளே போனால் இந்த நிழலும் இருக்காது.

"கேட்டீங்களா ஐயா? அண்டைக்கே" என்றாள்.

கேட்டேன் என்றேன். அவள் திரேசாவின் கையில் ஒரு சின்ன ரோச் லைற்றைக் கொடுத்து, இமையை எப்படித் தூக்குவது, எங்கே பார்ப்பது என்று மூன்று தடவை செய்து காட்டினாள். ரோச் அவளுடைய சொந்த ரோச். திரும்பி வரும்போது தந்தால் போதும் என்றாள்.

வந்த நாளிலிருந்து காலையில் முதல் வேலை அதுதான். வாசலில் கதிரையைப் போட்டு என்னை இருத்தி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து திரேசா பார்ப்பாள். மூன்றும் படிந்து கிடக்குது என்பாள். சொட்டு விடுவாள், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியைக் கண்ணின்மேல் வைத்து பிளாஸ்ரர் ஒட்டுவாள். நான் குனிவதில்லை, கோயிலில் முழந்தாளிடுவதில்லை, தும்மல் வந்தால்கூட வாயைத் திறந்து தும்முகிறேன். சொன்னதில் ஒன்று தவறவில்லை. இப்படி ஒரு நல்ல நோயாளியை அந்த ஆஸ்பத்திரி கண்டிருக்காது.

ஐந்து கிழமை போன வியாழக்கிழமை முடிந்தது. அதற்கு முந்தின திங்களிலிருந்து பாதை பூட்டு. உடுப்பு, மருந்து, அட்டை எல்லாம் பைக்குள் கட்டிக் கதவடியில் வைத்திருக்கிறது. யோசேப்பு ஒவ்வொரு நாளும் சந்திக்குப் போய் விசாரித்துக்கொண்டு வருகிறான். மன்னார் ஆஸ்பத்திரியிலும் கேட்டோம். அவசரம் என்றால் அம்புலன்ஸுக்கு எழுதலாம், ஆனால் அம்புலன்ஸும் பாதை திறந்தால்தான் போகும் என்றார்கள். யாரைக் கோபிப்பது? ஏசிப் பழகிய எனக்கு ஏச ஒரு ஆள் இல்லை.

இன்று காலை திரேசா பார்த்தபோது வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. ரோச்சை அணைத்தாள், மறுபடி போட்டாள். அவளுடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது, பிறகு படுவது நின்றது.

"என்ன, இண்டைக்கு இவ்வளவு நேரம்?" என்றேன்.

"வெளிச்சம் காணாது. நல்லாத்தான் கிடக்கு" என்றாள். மூன்றும் படிந்து கிடக்குது என்ற வழக்கமான சொல் வரவில்லை.

சொட்டு விட்டு, மூடியை ஒட்டி, என் தலையை ஒருதரம் தடவிவிட்டு எழுந்து போனாள். வேலிப் பக்கம் அவள் குரல் கேட்டது. யோசேப்போடு மிகவும் தணித்துப் பேசினாள். கண் போனபிறகு எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

"ஒருக்காச் சந்திப்பக்கம் போட்டு வா தம்பி. இண்டைக்குப் பாதை திறப்பாங்களோ எண்டு கேள்."

"இப்பதானே அக்கா கேட்டுக்கொண்டு வந்தனான்."

"திரும்பப் போய்க் கேள்" என்றாள்.

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.